அடிச்சுப் போட்ட வார்த்தை

போன மாதம் நம் இலக்கிய மன்றத்தில் நடந்த ஆங்கிலச் சொல் போட்டியைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன். தோத்துப்போன வயித்தெரிச்சல்ல எழுதுறான்னு சில பேர் சொல்வீங்க. அதுவும் கொஞ்சம் உண்மைதான். ஆனா முழுசா படிச்சிட்டுச் சொல்லுங்க.

கரும்பலகையில் டி, இ, ஏ, ஆர் என்று நான்கு எழுத்து எழுதிப் போட்டார்கள். பத்து நிமிடத்தில் அந்த எழுத்துக்களை வைத்து எத்தனை சொல் வருமோ எழுத வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு மார்க். நம்ம ஊர்ல முதல்ல என்ன வரும்? டீதான். அதே மூணு எழுத்தை மாத்திப் போட்டா ஈட், சாப்பிடு. இன்னொரு தடவை மாத்தினா ஏட், சாப்பிட்டேன். ஆர்-ஏ-டி எழுதினா எலி. அந்த எலிக்குப் பின்னாடி ஒரு 'இ' போட்டா ரேட், விலை. காதுக்கு இயர், கலைக்கு ஆர்ட், ரோட்டுக்குப் போடுற தாருக்கு டார். நான் மொத்தம் பதினொன்று எழுதினேன். கடைசியாக எழுதியது டி-ஏ-ஆர்-இ, டேர்.

தாள் திருத்திய அண்ணன்கள் இரண்டு பேரும் அதை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். "கிழிக்கிறதுக்கு டி-இ-ஏ-ஆர். நீ ஸ்பெல்லிங் மாத்திட்ட" என்றார்கள். எனக்கும் அர்த்தம் சொல்லத் தெரியவில்லை. "இலை எடை போடுற மிஷின்ல இருக்குண்ணா" என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பதிமூன்று சொல் எழுதியவனுக்குப் பரிசு, ஒரு சோப்பு டப்பா. அவன் எழுதியதில் இ-ஆர்-ஏ என்று ஒன்று இருந்தது. அப்புறமா அர்த்தம் கேட்டேன். "ஏர் உழுறது" என்றான்! அது காலம், யுகம் என்று அகராதியில் போட்டிருக்கிறது. (பெயர் சொல்ல மாட்டேன். என் பெஞ்சுக்குப் பின்னாடிதான் உட்காருகிறான்.)

நூலக அறையில் உள்ள பெரிய அகராதியில் டேர் என்ற சொல்லையும் தேடிப் பார்த்தேன். இருக்கிறது! பொருளை வைத்திருக்கும் சாக்கு, பெட்டி, டின் இவற்றின் எடைக்குத்தான் டேர் என்று பெயர். மொத்த எடையில் அதைக் கழித்தால் வருவது நிகர எடை. கடையில் வாங்கும் டீத்தூள் பாக்கெட்டில் போட்டிருப்பது நிகர எடைதான், கவரோட எடை அதில் சேராது. இது இங்கிலீஷ்காரங்க சொந்த வார்த்தையும் இல்லை. தள்ளிவிட்டது என்று பொருள்படும் ஓர் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாம். வியாபாரத்தோடு கூடவே ஊர் ஊராக வந்திருக்கிறது. டீ மட்டும் என்ன, சீனாவில் 'தே' என்று சொன்னதுதான் இங்கிலீஷில் டீ ஆச்சு, நமக்குத் தேயிலை ஆச்சு.

இதே எழுத்தில், இதே உச்சரிப்பில் இன்னொரு டேரும் இருக்கிறது. 1611-இல் வந்த பழைய ஆங்கில பைபிளில் கோதுமையோடு முளைக்கும் களைக்கு அந்தப் பெயர். சர்ச்சுக்குப் போகும் என் தோழிதான் சொன்னாள். கிழிக்கிற டேர் வேறு. அதே டி-இ-ஏ-ஆரை டியர் என்று படித்தால் கண்ணீர். எழுத்தை மட்டும் பார்த்தா இதெல்லாம் எப்படித் தெரியும்?

இப்போ எங்க வீட்டுக் கதைக்கு வரேன். எங்களுக்கு அரை ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவாகத் தேயிலை இருக்கிறது. அம்மாதான் இலை எடுக்கும். புதன்கிழமை சாயங்காலம் ஏஜென்ட் வண்டி வரும். ஒவ்வொரு சாக்குக்கும் 2 கிலோ கழிப்பார்கள். மழை பெய்தால் தண்ணிக்கு என்று தனியாக வேறு கழிப்பார்கள். ரேட் என்ற சொல் எங்க பாட்டிக்கே தெரியும். தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்கு அறிவிக்கிற விலை பேப்பரில் வந்தால், "ரேட் எவ்ளோடி" என்றுதான் கேட்கும். ஆனா டேர் யாருக்கும் தெரியாது. அது தராசில் ஒரு பட்டனாகச் சும்மா கிடக்கிறது.

காலிச் சாக்கைத் தராசில் வைத்து அந்தப் பட்டனை அழுத்தினால் சைபர் காட்டும். பிறகு இலையைப் போட்டு வைத்தால் இலையின் எடை மட்டும் வரும். அவ்வளவுதான் விஷயம். எங்கள் சாக்கை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த சாக்கு 600 கிராம்தான். நனைத்து வைத்தாலும் 1 கிலோ 100 தாண்டவில்லை. சாக்கு எடையைக் கழிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. சாக்கையும் சேர்த்துத் தேயிலைன்னு விற்க முடியாது. ஆனா 600 கிராம் சாக்குக்கு 2 கிலோ எதற்கு? நாலு, நாலரைக் கிலோ பச்சை இலையில் ஒரு கிலோ தூள் வரும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு சாக்கில் முந்நூறு கிராம் தூளுக்கான இலை சும்மா போகிறது.

அடுத்த புதன்கிழமை நான் அம்மாவோடு போனேன். "அண்ணா, காலிச் சாக்கை வச்சு அந்த டேர் பட்டனை அமுக்குங்க" என்றேன். எடை போடுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "படிக்கிற பொண்ணு கேக்குது" என்று சிரித்துக்கொண்டே எங்கள் சாக்குக்கு மட்டும் 1 கிலோ கழித்தார். பட்டனை அழுத்தவே இல்லை. பின்னாடி நின்ற பக்கத்து வீட்டு அத்தைக்கு எப்போதும் போல 2 கிலோதான். வரும் வழியில் அத்தை ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

அர்த்தம் தெரியாமலே ஜெயிக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்கிராபிள் என்று எழுத்துக் கட்டைகளை வைத்துச் சொல் அடுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அதில் உள்ள 100 கட்டையில் இ 12, ஏ 9, டி 6, ஆர் 6. நம் போட்டிக்கு வந்த நாலு எழுத்தே 33 கட்டை! நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சுச் சொற்களை மனப்பாடம் செய்து 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வாங்கினார். 2024-இல் ஸ்பானிஷிலும் அப்படியே. பெரிய மூளைதான், நான் ஒத்துக்கிறேன். ஆனா அவர் தராசுக்கு முன்னாடி நிற்கப் போவதில்லை. நாம் நிற்கிறோம்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த போட்டியில் ஒரு சொல்லுக்கு அரை மார்க், அதன் அர்த்தத்தைத் தமிழில் சொன்னால் மீதி அரை மார்க் என்று வையுங்கள். ஒரு சொல்லை அடிக்கும் முன்னால் அகராதியைப் பார்த்துவிட்டு அடியுங்கள். அண்ணன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், சோப்பு டப்பாவும் எனக்கு வேண்டாம்.

நேற்று ராத்திரி அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். "அந்த பட்டன்ல என்னடி எழுதியிருக்கும், எழுதிக் காட்டு" என்றார். காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு எழுத்தையும் பெரிசாக எழுதிக் கொடுத்தேன். அத்தை அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். வர்ற புதன்கிழமை வரிசையில் அத்தைதான் முதல் ஆள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி