5 ஸ்டார் வீரருக்கு 231-வது இடம், ஸ்டாரே இல்லாதவருக்கு முதலிடம்! அமெரிக்க கல்லூரி ஃபுட்பாலில் கணிப்பு பொய்ப்பது ஏன்?

2025 ஏப்ரல். அமெரிக்காவின் கிரீன் பே நகரில் என்.எஃப்.எல். டிராஃப்ட் நடந்தது. கல்லூரி வீரர்களை தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்வு செய்யும் நிகழ்ச்சி இது. மொத்தம் 257 பேர் தேர்வானார்கள். முதல் ஆள் கேம் வார்ட். 231-வது ஆள் குவின் யூவர்ஸ்.

இருவரும் டெக்சாஸ் மாநிலத்துப் பையன்கள். இருவரும் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவர்கள். ஆனால் பள்ளியில் படிக்கும்போது கதை அப்படியே தலைகீழ்!

யூவர்ஸ் அப்போது நாட்டின் நம்பர் 1. 247 ஸ்போர்ட்ஸ் தளத்தின் கூட்டு மதிப்பீட்டில் முழு மதிப்பெண் வாங்கியவர். வார்டுக்கு ஒரு ஸ்டார்கூட கிடையாது. அவரை அழைத்தது இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகம்தான்.

ஸ்டார் கொடுப்பது யார்?

இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். சுமார் 10 லட்சம் பள்ளி மாணவர்கள் ஆடுகிறார்கள். 247 ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ் போன்ற தளங்கள் அவர்களின் வீடியோக்களையும் பயிற்சி முகாம்களையும் பார்த்து ஸ்டார் கொடுக்கின்றன. ஆண்டுக்கு 30 பேர் அளவில்தான் 5 ஸ்டார் கிடைக்கும்.

எங்கே தவறுகிறது?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பார்கள். ஆனால் இங்கே முளைக்கு வயது 16, 17. சிலருக்கு உடம்பு சீக்கிரம் வளர்ந்துவிடும். சக மாணவர்களைத் தள்ளிவிட்டு ஓடுவது அவர்களுக்கு சுலபம். கல்லூரிக்குப் போனால் எதிரில் நிற்பவர்களும் அதே உடம்போடு நிற்பார்கள்.

காயம் இன்னொரு காரணம். 2010-ல் ரைவல்ஸ் தளத்தின் நம்பர் 1 ரொனால்ட் பவல். புளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு முழங்கால் தசைநார் இரண்டு முறை கிழிந்தது. 2014 டிராஃப்டில் 5-வது சுற்றில்தான் தேர்வானார்.

மூன்றாவது, வாய்ப்பு. யூவர்ஸ் முதலில் சேர்ந்த ஒஹாயோ ஸ்டேட் அணியில் சி.ஜே. ஸ்ட்ரவுட் முன்னால் இருந்தார். அந்த சீசனில் யூவர்ஸ் களத்தில் நின்றது இரண்டே இரண்டு ஆட்ட நகர்வுகளுக்கு மட்டும். வார்டின் பள்ளியோ பந்தை எறிவதைவிட கையில் வைத்து ஓடுவதையே நம்பிய அணி. அவரின் எறியும் திறமை யார் கண்ணிலும் படவில்லை.

அப்போ ஸ்டார் எல்லாம் சும்மாவா?

அப்படியும் சொல்ல முடியாது. 2011-ன் நம்பர் 1 ஜடேவியன் கிளவுனி, 2014 டிராஃப்டிலும் முதல் ஆள். மொத்தமாகப் பார்த்தால், 3 ஸ்டார் வீரரைவிட 5 ஸ்டார் வீரர் என்.எஃப்.எல். போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஆனால் அது ஒரு கூட்டத்துக்கான கணக்கு. தனி ஒரு பையனுக்கு யாரும் கொடுத்த உத்தரவாதம் இல்லை. ரசிகர்கள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

பணம் வந்ததும் என்ன மாறியது?

2021 ஜூலையில் இருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பர வருமானம் பெறலாம். டெக்சாஸில் பள்ளி மாணவர்களுக்கு அந்த அனுமதி இல்லை. யூவர்ஸ் கடைசி ஆண்டு பள்ளியை விட்டுவிட்டு ஒஹாயோ போனது அதனால்தான். ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 14 லட்சம் டாலர் என்று செய்திகள் வந்தன. கல்லூரிக்காக ஒரு பந்துகூட எறியாத நேரம் அது! 2025 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. காசு கூடக் கூட, பொறுமை குறைகிறது.

இத்தனைக்கும் யூவர்ஸ் சாதித்தது கொஞ்சமில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறி, அந்த அணியை அடுத்தடுத்து இரண்டு சீசன்களில் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனவர் அவர். 3 ஸ்டார் வீரர் இதைச் செய்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள். முழு மதிப்பெண் வாங்கியவர் என்பதால் 'ஏமாற்றம்' என்றார்கள்.

அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் ஆர்ச் மேனிங். இவரும் பள்ளியில் நம்பர் 1தான். 2025 சீசன் தொடங்கும் முன்பே டெக்சாஸ் அணிக்கு தரவரிசையில் முதலிடம். முதல் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14-7 என்று தோற்றதும் விமர்சனம் கொட்டியது. அன்று அவருக்கு வயது 21.