ஸ்நூக்கர் வீரரின் ஏற்றமும் இறக்கமும்: குற்றம் யாருடையது?

சென்ற 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கத்தார் தேசத்துத் தோஹா நகரிலே, சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் ஹாங்காங் வீராங்கனை இங் ஆன் யீயை 3–2 என்ற கணக்கில் வென்று உலக ஸ்நூக்கர் பட்டம் பெற்றார். பதினைந்து சிவப்புப் பந்துகளைக் கொண்டு ஆடும் முழு ஆட்டத்தில் தனிநபர் உலகப் பட்டம் எய்திய முதல் இந்தியப் பெண்மணி அவரே. தமிழ் மக்கள் பூரித்தனர்; நாமும் பூரித்தோம். ஆனால் வாழ்த்துக் கூறுவது எளிது. இவ்விளையாட்டையே ஜீவனமாகக் கொண்டு தொழில் அரங்கில் இறங்கும் இந்தியருக்கு என்ன நேருகிறது என்பதை அறியாமல் வாழ்த்துவது, வழிச்செலவு கொடாமல் பிள்ளையைப் பரதேசம் அனுப்புவதற்கு ஒப்பாகும். அப்பாதையில் முன்னே சென்ற ஒருவரின் வரலாற்றை இன்று ஆராய்வோம்.

இவ்வாட்டம் அந்நியச் சரக்கு என்று எண்ணுவோர் உளர். பிறந்தது நம் மண்ணிலேதான். 1875இல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலப் பட்டாள அதிகாரி இதைத் தொடங்கினார் என்றும், 1882இல் உதகமண்டலத்துக் கிளப்பில் இதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்றும் கூறுவர். நீலகிரியில் சட்டம் பெற்ற ஆட்டத்தை ஆடிப் பிழைக்க நம்மவர் இங்கிலாந்துக்குக் குடிபோக வேண்டியிருப்பது விந்தையன்றோ?

மும்பையைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா 2008இல் முதன்முதலாகத் தொழில் அரங்கில் புகுந்தார். இடம் நிலைக்கவில்லை, மனம் தளராமல் மீண்டும் புகுந்தார். 2013இல் கொலம்பியாவில் நடந்த உலக விளையாட்டுப் பந்தயங்களில் ஸ்நூக்கர் தங்கத்தை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் புதுடெல்லி இந்தியன் ஓபன் பந்தயத்தில் இறுதி ஆட்டம் வரை சென்றார். தரவரிசைப் பந்தயம் ஒன்றில் அந்நிலையை எட்டிய முதல் இந்தியர் அவரே. சீனத்து டிங் ஜுன்ஹுய் அவரை 5–0 என்று வென்றார். அப்பருவத்தில் ஐந்து தரவரிசைப் பட்டங்களைக் குவித்தவர் டிங். அவரிடம் தோற்றது இழுக்காகாது. 2014இல் ஜெர்மனியில் ஒரே மூச்சில் 147 புள்ளி எடுத்து, உச்ச எண்ணிக்கையையும் தொட்டார். அதன் பின்னர் கழுத்து நோவு அவரைப் பற்றியது. 2017க்குள் தொழில் அரங்கிலிருந்து அவர் பெயர் நீங்கிற்று.

‘திறமை போதவில்லை’ என்று தீர்ப்புக் கூறுவோருக்கு நாம் சொல்வது இதுதான்: சாட்சியத்தைப் பாருங்கள். அவ்வரங்கில் இடம் பெறுவோர் ஏறக்குறைய 128 பேர். இரண்டு ஆண்டுகளில் ஈட்டிய பரிசுப் பணமே அவர்களது தராதரம். முதல் 64 பேருக்குள் வராதவரும், தவணை முடிந்தவரும் வெளியேறி, தகுதிப் பந்தயத்தின் வாயிலில் மீண்டும் நிற்க வேண்டும். நோயுற்றவன் ஆடாதிருக்கும்போது அவனது பழைய வரவு கழிந்துகொண்டே போகும். ஆடுகிறவர்கள் அவனைத் தாண்டுவர். பல பந்தயங்களில் முதற் சுற்றில் தோற்றவருக்கு நெடுங்காலம் ஒரு காசும் கிடையாது. ஆங்கிலேயன் தோற்றால் அன்றிரவே தன் வீட்டில் உறங்குவான். நம்மவனோ தோற்ற பின்னும் வாடகை கொடுக்க வேண்டும்! ஆண்டுக்கு 20,000 பவுன் உறுதி என்ற ஏற்பாடு 2022இல்தான் வந்தது.

பங்கஜ் அத்வானியையும் நோக்குக. 2012இல் தொழில் அரங்கில் சேர்ந்த அவர் 2014இல் விலகித் தாயகம் திரும்பினார். பில்லியர்ட்ஸிலும் ஸ்நூக்கரிலுமாக 2024 முடிய 28 உலகப் பட்டங்களை ஈட்டினார். அவருடைய மேதை ஐயத்துக்கு இடமற்றது. எனினும், எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்தில் அவருக்கு உத்தியோகம் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. திரும்பி வருவதற்கு ஒரு திண்ணை இருந்தால் திரும்புதல் வீழ்ச்சியாகாது.

தேசத்தின் நிலையோ வேறு. 2006, 2010 ஆசிய விளையாட்டுகளில் அத்வானி பில்லியர்ட்ஸ் தங்கம் கொணர்ந்தார். அடுத்த மூன்று ஆசிய விளையாட்டுகளில் கோல்பந்தாட்டங்களுக்கு இடமே இல்லை. பதக்கத்தைக் கொண்டே உதவியை அளக்கும் நாட்டில் இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. இந்தியன் ஓபனும் 2019இல் கொச்சியோடு நின்றது.

நமது திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் மலை சுற்றுகின்றனர். நடப்பவர் கால் அவருடையது, தண்ணீர்ப்பந்தல் ஊராருடையது. வழியில் ஒருவர் சோர்ந்து அமர்ந்தால் ‘இவருக்குப் பக்தி இல்லை’ என்று எவரும் சொல்வதில்லை. நீர் கொடுத்து எழுப்புகின்றனர். வீரனின் பாதையில் அப்பந்தலை நாட்டுவது யார் கடமை?

நாம் கோருவன நான்கு. தொழில் அரங்கில் இடம்பெறும் வீரருக்கு இரண்டு ஆண்டு வழிச்செலவும், நோயுற்றால் சிகிச்சையும் வேண்டும். திரும்பி வருவோருக்கு உத்தியோகம் வேண்டும். தரவரிசைப் பந்தயம் ஒன்று மீண்டும் இந்தியாவில் நடைபெற வேண்டும். மாவட்ட விளையாட்டரங்கு தோறும் ஒரு முழு மேஜையேனும் போடப்பட வேண்டும். பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட அம்மேஜை கிளப் அங்கத்தினரின் சொத்தாகவே இருக்கும்வரை இது கனவான்களின் ஆட்டமாகவே இருக்கும். சதுரங்கத்துக்குப் பள்ளிகளும் வர்த்தக ஸ்தாபனங்களும் சர்க்காரும் கை கொடுத்ததன் பயனை, 2024இல் குகேஷ் உலகப் பட்டம் சூடியபோது தமிழகம் கண்டது.

மேத்தா தளரவில்லை, நோவு நீங்கி மறுபடியும் மேஜைக்கு வந்தார். தனி மனிதன் தன் கடமையைச் செய்துவிட்டான். தோஹாவில் வென்ற நம் வீராங்கனையும், அவர் பின்னே வரும் இளைஞர்களும் அதே பாதையில் அடி வைக்குமுன், தேசம் தன் கடமையைச் செய்யுமா?