வெறுமையாகும் வாங்கு

என் அம்மம்மா இணுவிலில் மணவறை ஏறியபோது அவருக்கு வயது 13. "சடங்கு முடியமுன்னம் நித்திரை தூங்கினனான், மோனை" என்று சிரித்தபடியே சொல்வார். கையெழுத்திடத் தெரியாத அவரது பெருவிரலை நினைக்கும்போதெல்லாம், அந்தச் சிரிப்பு என்னை உறுத்தும்.

சட்டம் அந்த மணத்தைத் தடுக்கவில்லை. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பெண்ணுக்கு 12 வயது போதுமென்றது. ஐரோப்பிய, பறங்கியப் பெற்றோரின் மகளாயின் 14 வேண்டுமென்றது. நம் சிறுமியரின் பிள்ளைப்பருவம் ஈராண்டு மலிவாயிருந்தது போலும்! பொதுச்சட்டத்தில் அவ்வயது 18 ஆக உயர்ந்தது 1995 இலேதான்.

ஆயினும் அம்மம்மாவின் மகளாகிய என் தாயார் 24 வயதில், ஆசிரியையாகிய பின்னரே மணம் புரிந்தார். சட்டம் உறங்கிய காலத்தில் அவரைக் காத்தது எது? இணுவிலிலிருந்து நடை தூரத்தில் உடுவிலில் 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் பெண்கள் பாடசாலை நிறுவினர். மருதனார்மடத்தில் 1913 இல் இராமநாதன் கல்லூரி எழுந்தது. இணுவிலிலேயே மக்லியொட் மருத்துவமனை 1898 முதல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை அளித்தது. படித்த பெண் ஆசிரியையாகலாம், தாதியாகலாம் என்பதைப் பெற்றோர் கண்ணாரக் கண்டனர். 1945 இல் வந்த இலவசக் கல்வி, வசதியற்ற வீடுகளுக்கும் அவ்வழியைத் திறந்தது.

நிற்க. பெற்ற பேறு நிலைத்ததா? போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியில், விடுதலைப் புலிகளின் ஆட்சேர்ப்புக்கு அஞ்சிய பெற்றோர் பலர், பள்ளிச் சிறுமியருக்கு அவசரமாகத் தாலி கட்டுவித்தனர். சட்டம் 18 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அப்பெற்றோர் அறிவிலிகள் அல்லர். அச்சம் அவர்களை அங்கே தள்ளியது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் சிறுமியர் 18 வயதுக்கு முன் மணமுடிக்கப்படுகின்றனர் என்கிறது யுனிசெவ். 2030 க்குள் இதனை ஒழிப்பது ஐக்கிய நாடுகளின் இலக்கு. வறுமையும் போரும் பஞ்சமும் சூழ்ந்த இடங்களிலேயே இவ்வழக்கம் வேரூன்றுகிறது. அங்கே ஒவ்வொரு திருமணத்தோடும் ஓர் ஆசிரியையை, ஒரு தாதியை நாடு இழக்கிறது. முதிராத உடலில் கருவுற்ற தாயையும் சேயையும் இழப்பதும் உண்டு. இவ்வாறு இழக்கும் நாடு எங்ஙனம் முன்னேறும்?

ஆகவே, பெற்றோரைப் பழிப்பதற்கு முன், அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்று கேட்போம் என்பதே என் கருத்து. அச்சத்தை அகற்றாமல் வயதை மட்டும் ஏட்டில் எழுதுவது பயன் தராது. ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் ஒரு மாணவியின் வாங்கு வெறுமையானால், இடாப்பில் கோடிட்டு அமைதியுறாதீர்கள். அன்று மாலையே அந்த வீட்டுப் படலையைத் தட்டுங்கள். அம்மம்மாவுக்காக அவ்வாறு தட்டுவார் எவரும் இருக்கவில்லை.