பேச்சு முதலில் போகட்டும்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

"அலோ... அலோ... கேக்குதா?" என்று ஒரு முறையேனும் கத்தாமல் தொலைபேசியில் பேசி முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். கத்தினால் மட்டும் கேட்டுவிடுமா என்ன! ஆனாலும் கத்துகிறோம்.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், அப்பாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற என்றைக்கு வரலாம் என்று கேட்பதற்காக என் அம்மா பக்கத்து நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குத் தொலைபேசி செய்தார். மறுமுனையில் பேசிய பெண் சொன்னதில் அம்மாவின் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "டாக்டர் வியாழக்கிழமை வர... ரு." வருவாராக்கும் என்று எண்ணிக்கொண்டார் அம்மா. வியாழனன்று நிலக்கடலை பிடுங்கும் கூலியை விட்டுவிட்டு, அப்பாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் வரவில்லை. "வரமாட்டாருன்னுதானே சொன்னேன்" என்றாராம் அந்தப் பெண். பொய் சொல்லியிருக்கமாட்டார்.

'மாட்டா' என்பது இரண்டு நெடிலும் ஓர் ஒற்றும் மட்டுமே. சொல்லி முடிக்க அரை நொடிகூட ஆவதில்லை. அந்த அரை நொடி எங்கள் வீட்டில் ஒரு நாள் கூலியையும் ஆட்டோ வாடகையையும் தின்றுவிட்டது. "எனக்குத்தான் காது மந்தமாயிடுச்சு போல, தம்பி" என்று அம்மா சொன்னார். நான் செல்போன் கோபுரத்தைத் திட்டினேன். குறை வேறோர் இடத்திலும் இருந்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்தது கோடை விடுமுறையில். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். அலுவலகங்களுக்குக் கணினிக் கம்பி இழுத்துப் பிணையம் அமைத்துத் தருவது அவர் தொழில். கல்லூரிச் செலவுக்கு ஆகுமே என்று அவரோடு ஒரு மாதம் உதவியாளாகப் போனேன். வேறோர் ஊரில் இரண்டு கட்டடங்கள் கொண்ட ஒரு நிறுவனம். அங்கே பழைய தொலைபேசிகளை எடுத்துவிட்டு ஐபி தொலைபேசிகளை வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு மேல் எந்தப் பேச்சும் முழுதாக வந்து சேர்வதில்லை. அறுந்து அறுந்து வருகிறது. அதைச் சரிசெய்யத்தான் எங்களை அழைத்திருந்தார்கள்.

இணையவழித் தொலைபேசியில் நடப்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறது கருவி. நொடிக்கு 64,000 பிட். ஜி.711 என்னும் முறை இதுதான். இதை 20 மில்லி நொடிக்கு ஒன்றாக நறுக்கி, 160 பைட் கொண்ட சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. நொடிக்கு 50 பொட்டலங்கள். அம்மா இழந்த 'மாட்டா'வும் இப்படி ஓர் இருபது பொட்டலமாகத்தான் கிளம்பியிருக்கும். ஒன்றிரண்டு தொலைந்தால் முன்னும் பின்னும் உள்ள ஒலியைக் கொண்டு கருவியே ஒப்பேற்றிவிடும். சேர்ந்தாற்போல் இருபது தொலைந்தால் அது என்ன செய்யும், பாவம்!

இந்தப் பொட்டலங்களை வாங்கி வழியனுப்பும் பெட்டிதான் ஸ்விட்ச். நாம் விளக்குப் போடும் ஸ்விட்ச் அன்று. 24 துளைகளும் பச்சை விளக்குகளுமாக அலுவலக மூலையில் தூசி படிந்து கிடக்குமே, அது. மேசைக் கணினிகளும் தொலைபேசிகளும் அதில்தான் வந்து சேர்கின்றன. கடையிலிருந்து வாங்கி அப்படியே மாட்டினால் அது பெரும்பாலும் ஒரே நீதியைத்தான் அறியும்: முன்னால் வந்தவருக்கு முன்னால் வழி.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அங்கே நடந்ததைப் பாருங்கள். பத்து மணிக்கு ஒரு கணினி அன்றைய கோப்புகளையெல்லாம் அடுத்த கட்டடத்திலுள்ள சேமிப்புக் கணினிக்குப் படி எடுக்கத் தொடங்கும். அது ஸ்விட்சுக்குள் தள்ளுவது நொடிக்கு 1,000 மெகாபிட்; அடுத்த கட்டடத்துக்குப் போகும் பழைய இணைப்போ 100 மெகாபிட்தான். ஏரிக்குப் பத்து வாய்க்கால் வரத்து, மதகு ஒன்றே ஒன்று! ஸ்விட்சுக்குள் இருக்கும் இடைத்தாங்கி நினைவகமோ சிறியது. அது அரை மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மில்லி நொடிக்குள் நிரம்பி வழியும். அதற்குப் பிறகு வருவதையெல்லாம் ஸ்விட்ச் கீழே போட்டுவிடும், இது குரல் இது கோப்பு என்று பாராமல்.

கோப்புக்கு இதனால் நட்டமில்லை. தொலைந்த துண்டை அனுப்பியவரே மறுபடி அனுப்புவார். அரை நொடி தாமதமானால் யாருக்கு என்ன? குரலுக்கு அந்த வசதி கிடையாது. தொலைந்த 'மாட்டா' இரண்டு நொடி கழித்து வந்து சேர்ந்து என்ன பயன்? ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குச் சேர 150 மில்லி நொடிக்கு மேல் ஆகாமலிருந்தால் நல்லது என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதற்கு மேல் போகப்போக இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று நிற்க வேண்டியதுதான்.

ஆகவே காத்திருக்க முடிந்தவரையும் முடியாதவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சமநீதி ஆகாது என்பது என் கருத்து. 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று சான்றிதழ் வாங்கி வந்தவன் நான். முன்னுரிமை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களை இந்த இருபது வயதுக்குள் நிறையவே பார்த்துவிட்டேன். அவர்களுக்காகவே ஒரு கணக்குச் சொல்கிறேன். தலைப்புகள் எல்லாம் சேர்த்து ஒரு குரல் பொட்டலம் 218 பைட். நொடிக்கு ஐம்பது என்றால் ஒரு திசையில் 87.2 கிலோபிட். நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 8.72 மெகாபிட். அந்த 100 மெகாபிட் வழியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அவர்களை முதலில் விட்டால் கோப்புகளுக்கு என்ன குடி முழுகிவிடப் போகிறது?

அண்ணன் செய்த வேலை இதுதான். முதலில் அந்த ஸ்விட்சிலேயே குரலுக்கென்று தனிப் பிணையம் ஒன்றை வகுத்தார். வீலான் என்பார்கள், ஒரே பெட்டி, ஒரே கம்பி, ஆனால் உள்ளுக்குள் இரண்டு தெரு. ஐபி தொலைபேசியின் பின்புறம் இரண்டு துளைகள் உண்டு. சுவரிலிருந்து வரும் கம்பி ஒன்றில், மேசைக் கணினியின் கம்பி மற்றதில். கணினியின் பொட்டலங்கள் வெறுமனே போகும். தொலைபேசியின் பொட்டலங்களுக்கு 802.1க்யூ என்னும் தரப்படி நான்கு பைட் அடையாளச் சீட்டு ஒட்டப்படும். அதில் 12 பிட் தெருவின் எண். 3 பிட் முன்னுரிமை, அதாவது 0 முதல் 7 வரை. குரலுக்கு 5 கொடுப்பது வழக்கம். ஐபி தலைப்பிலும் டிஎஸ்சிபி என்ற ஆறு பிட் இடத்தில் 46 என்று எழுதப்படும். இந்தத் தெருவில்தான் நீ நிற்க வேண்டும் என்று தொலைபேசிக்கு ஸ்விட்சே எல்எல்டிபி-மெட் வழியாகச் சொல்லிவிடும். ஒவ்வொரு மேசையாகப் போய் எழுத வேண்டியதில்லை. பிறகு, 46 என்று சீட்டு ஒட்டி வருவதையெல்லாம் தனி வரிசையில் நிறுத்தி அதை முதலில் அனுப்பு என்று ஸ்விட்சுக்குக் கட்டளை.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 46 என்ற சீட்டைக் கணினியும் தானே ஒட்டிக்கொள்ளலாம். நம் ஊரில் இரு சக்கர வண்டியெல்லாம் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு திரிவதில்லையா? ஆகவே தொலைபேசி ஒட்டிய சீட்டை மட்டும் நம்ப வேண்டும். கணினி ஒட்டியதைக் கிழித்துவிட வேண்டும். முதல் வரிசைக்கும் ஓர் எல்லை கட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த வரிசையே எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும். முன்னுரிமை கொடுப்பதைவிட, அது உரியவருக்குத்தான் போகிறதா என்று பார்ப்பதே கடினமான வேலை என்று அன்று கற்றுக்கொண்டேன்.

நான் செய்த பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்த கட்டடத்து ஸ்விட்சை என்னிடம் ஒப்படைத்திருந்தார் அண்ணன். துளைகளிலெல்லாம் குரலின் வீலானைச் சரியாக அமைத்தேன். இரு கட்டடங்களையும் இணைக்கும் துளையில் மட்டும் அதை அனுமதிக்க மறந்துவிட்டேன். அந்தக் கட்டடத்தின் அத்தனை தொலைபேசிகளும் அரைமணி நேரம் ஊமையாகிவிட்டன. அண்ணன் வந்து பார்த்தார், ஒரு வரி தட்டினார், எல்லாம் உயிர் பெற்றன. "தெரு போட்ட, வாசல் வைக்கலியேடா" என்றார். இதைக் கல்லூரியில் எந்தத் தேர்வில் கேட்டிருப்பார்கள்!

இன்னொன்று, மின்சாரம். ஐபி தொலைபேசிக்குத் தனி மின்கம்பி வேண்டியதில்லை. ஸ்விட்சிலிருந்து வரும் கம்பியே மின்சாரமும் கொடுக்கும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரப்படி ஒரு துளைக்கு 15.4 வாட் வரை. இருபத்து நான்கு துளைக்கும் முழுதாகக் கொடுக்க ஏறத்தாழ 370 வாட் தேவை; ஸ்விட்சுகள் எல்லாம் அவ்வளவு கொடுப்பதில்லை என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது மின்வெட்டு. பழைய தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே 48 வோல்ட் மின்கலத்தின் சக்தி வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் தொலைபேசி பேசும். இன்றோ ஸ்விட்சுக்கு யுபிஎஸ் இல்லையென்றால் மின்சாரம் போன அடுத்த கணமே அத்தனை தொலைபேசிகளும் செத்துவிடும். புயலடிக்கிற இரவில் அவசரமாக ஒருவர் அழைத்தால்? நாங்கள் போன இடத்தில் கணினிகளுக்கெல்லாம் யுபிஎஸ் இருந்தது, ஸ்விட்சுக்கு மட்டும் இல்லை. யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

'வேகத்தைக் கூட்டிவிட்டால் போயிற்று, இந்த வரிசை வம்பெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இணைப்பை 1,000 மெகாபிட்டாக மாற்றினால் நல்லதுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் படி எடுக்கத் தொடங்கினால் மறுபடியும் மதகு சிறியதாகிவிடும். சாலையை அகலப்படுத்திக்கொண்டே போனாலும் ஆம்புலன்சுக்கு வழிவிடும் பழக்கம் வேண்டும் அல்லவா? அதோடு, பெரிய ஸ்விட்ச் வாங்கப் பணம் வேண்டும். வாங்கிய ஸ்விட்சை ஒழுங்காக அமைக்க ஒரு பிற்பகல் போதும். கொட்டேஷனில் விலை குறைக்கும்போது முதலில் அடிபடுவது அந்தப் பிற்பகலின் கூலிதான் என்று அண்ணன் வருத்தப்படுவார். பெட்டிக்குக் காசு கொடுப்பார்கள், அதை அமைக்கும் மூளைக்குக் கொடுக்கமாட்டார்கள்.

தொலைபேசியின் பழங்கதைகளில் அமெரிக்கரான ஸ்ட்ரோஜர் என்பவரைப் பற்றி ஒன்று உண்டு. பிணப்பெட்டி செய்து அடக்கம் செய்யும் தொழில் அவருக்கு. தனக்கு வரும் அழைப்புகளை இணைப்பகத்துப் பெண்மணி போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஐயுற்று, ஆளே இல்லாமல் இணைக்கும் பொறியைக் கண்டுபிடித்தார் என்பார்கள். காப்புரிமை பெற்றது 1891இல். நம் நாட்டிலும் 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் 128 இணைப்புகள் கொண்ட கிராமத் தானியங்கி இணைப்பகத்தை உருவாக்கி, 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவியது. குளிர்சாதன வசதி இல்லாமலே கிராமத்து வெயிலில் அது வேலை செய்தது. யார் பேசப் போகிறார்கள், எங்கிருந்து பேசப் போகிறார்கள் என்று யோசித்துச் செய்த பொறி அது. இன்று அந்த யோசனை ஒரு மாவட்டத் தலைநகரில் ஏணியும் முறுக்காணியுமாக அலையும் ஆட்களின் கையில் இருக்கிறது. அவர்களில் பலரும் நம்மைப் போன்ற கல்லூரிகளிலிருந்து போனவர்கள்தாம்.

அவர்களுக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம்? பிணையத்தின் ஏழு அடுக்குகளை வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் நம் வகுப்பில் அனைவரும் ஒப்பிப்போம். ஐந்து மதிப்பெண் உறுதி. இரண்டாம் அடுக்கில் வேலை செய்யும் ஸ்விட்ச் ஒன்றைக் கையால் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். மூன்று பேர். அதில் நான் ஒருவன். ஆசிரியர்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். பாடத்திட்டத்தில் இல்லாததை அவர்கள் எந்த மணியில் நடத்துவார்கள்?

ஆனால் இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள் 1999இலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பழைய கணினியில் அதை ஏற்றினால் அதுவே தொலைபேசி இணைப்பகம் ஆகிவிடும். நம் செல்போன்களிலேயே இலவசச் செயலி ஒன்றைப் போட்டு அதோடு பேசலாம். வயர்ஷார்க் என்ற இன்னோர் இலவச மென்பொருளால் குரல் பொட்டலங்கள் ஒவ்வொன்றாகப் போவதையும், எது தொலைந்தது என்பதையும் கண்ணால் பார்க்கலாம். ஒருவர் பேசிக்கொண்டே இருக்க, இன்னொருவர் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பட்டும். பேச்சு அறுவதைக் கேட்ட பிறகு முன்னுரிமை வரிசையை அமைத்து மீண்டும் கேட்கட்டும். ஒரே ஒரு செய்முறை வகுப்பு போதும்.

இதற்கு வேண்டிய ஸ்விட்ச்கூட நம்மிடமே இருக்கிறது. ஆய்வகத்தின் பின்னறை அலமாரியில், பழைய விசைப்பலகைகளுக்கு அடியில், அட்டைப்பெட்டியோடு ஒன்று கிடப்பதை நான் பார்த்தேன். 24 துளை, வீலான் அமைக்கக்கூடியது. வரும் பருவத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் அதை எடுத்துத் தருமாறு துறைத் தலைவர் அவர்களிடம் விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். இதுவரை பதினோரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். விருப்பமுள்ள நண்பர்கள் என்னிடம் வந்து பெயர் கொடுக்கலாம்; கணிதத் துறை, இயற்பியல் துறை நண்பர்களும் வரலாம்.