மெருகு யாருக்கு? கணக்கு யாரிடம்?

“பாட்டு மெருகேறிவிட்டது, ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது, இதில் உங்களுக்கு என்னய்யா வயிற்றெரிச்சல்?” என்று கேட்கிறார்கள் சந்தையின் வக்கீல்கள். அமெரிக்காவின் நிர்வாணா என்ற ராக் கோஷ்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், தோழர்களே. புத்தர் சொன்ன நிர்வாணம்தான்.) எங்களுக்கு வயிற்றெரிச்சல் இல்லை. கணக்குக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

வாஷிங்டன் மாநிலத்தில் அபர்டீன் என்று ஓர் ஊர். மரம் வெட்டிப் பிழைத்த ஊர். அந்த ஊர்க்காரர் கர்ட் கோபேன். மெக்கானிக்கின் மகன்; பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர். அவரும் கூட்டாளிகளும் 1989இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு ‘பிளீச்’. ஒலிப்பதிவுச் செலவு சுமார் 606 டாலர். கிதார் கரகரத்தது, குரல் பிசிறியது. ஆனால் அந்தப் பிசிறு அவர்களுடையது.

1991இல் பெரிய கம்பெனி வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ‘நெவர்மைண்ட்’ பதிவாயிற்று. ஒரே குரலை இருமுறை பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பதிவு முடிந்ததும், ஒலிகளைக் கலந்து மெருகு போடுகிற நிபுணர்களின் பட்டியலைக் கம்பெனி நீட்டியது. அதிலிருந்து ஆண்டி வாலஸைக் கோஷ்டியே தேர்ந்தெடுத்தது. பட்டியல் அவன் கையில், பொறுக்கியெடுப்பது நம் கையில்! இதற்குப் பெயர் சுதந்திரமாம். 1992 ஜனவரியில் அந்தத் தட்டு மைக்கேல் ஜாக்சனையே கீழே தள்ளி விற்பனையில் முதலிடம் பிடித்தது. பின்னாளில் அந்தப் பளபளப்பைக் கண்டு கோபேனே கூசினார்.

இங்கே நம் தோழர்கள் சிலருக்கும் ஒரு வார்த்தை. கரகரப்பு பாட்டாளிக்கு, வழவழப்பு முதலாளிக்கு என்று பிரித்துப் பேசுவது பாமரத்தனம். மில்லில் துணிக்கு மெருகேற்றுகிறவன் தொழிலாளிதானே? நல்ல வேலைக்கு நாம் விரோதியா என்ன? அன்று தட்டின் சொந்தக்காரன் யார் என்று பாருங்கள். கெஃபன் கம்பெனியை எம்.சி.ஏ. வாங்கியது. எம்.சி.ஏ.யை ஜப்பானின் மட்சுஷிதா விழுங்கியது. பானாசோனிக் பெட்டிகளைச் செய்த அதே மட்சுஷிதாதான்! அப்போது பாட்டும் அவனுடையதாக இருந்தது, பாட்டுக் கேட்கிற பெட்டியும் அவனுடையதாக இருந்தது.

ஸ்டீவ் ஆல்பினி என்ற ஒலிப்பதிவாளர் 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். கற்பனையான கோஷ்டி ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். முன்பணம் இரண்டரை லட்சம் டாலர். விற்பனை இரண்டரை லட்சம் பிரதிகள். அதில் கம்பெனிக்கு 7,10,000 டாலர். பாடியவர்களுக்குத் தலைக்குச் சுமார் 4,031 டாலர்! தெருமுனைக் கடையில் நின்றிருந்தால் அதைப்போல் மூன்று மடங்கு கிடைத்திருக்கும். ஸ்டூடியோ செலவு, மானேஜர் பங்கு, வக்கீல் கூலி எல்லாம் பாடுகிறவன் தலையில்தான் எழுதப்படுகிறது. மெருகு ஏற ஏறக் கடனும் ஏறும். முன்பணம் வாங்கிக் கைநாட்டு வைத்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

அதே ஆண்டில் கோஷ்டி இந்த ஆல்பினியையே நாடிச் சென்றது. ஒரு லட்சம் டாலர் கூலி போதும், விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் ரிப்பேர் செய்கிறவனைப்போல் எனக்கும் வேலைக்குக் கூலி கொடுங்கள் என்றார் அவர். பங்கு கேட்பது பாடுகிறவன் பையில் கைவிடுவது என்பது அவர் கட்சி. நல்ல கட்சி. சுமார் இரண்டே வாரத்தில் ‘இன் யூடரோ’ முடிந்தது. கம்பெனிக்கோ கசந்தது. கடைசியில் இரண்டு பாட்டுகளை வேறொருவர் மறுபடி கலந்து மெருகு போட்டார். கம்பெனி நிர்ப்பந்திக்கவில்லை என்று கோஷ்டி சொல்லிற்று. நிர்ப்பந்தம் எப்போதும் தடியோடுதான் வருமா?

கோபேன் 1994இல், 27 வயதில் இறந்தார். வியாபாரம் நிற்கவில்லை. 2011இல் ‘நெவர்மைண்ட்’ தட்டின் இருபதாம் ஆண்டு என்று பெரிய பெட்டி ஒன்று போட்டார்கள். உள்ளே என்ன? வாலஸ் கை வைப்பதற்கு முந்திய, மெருகு ஏறாத அந்தப் பழைய கலவை! 1991இல் உதவாது என்று ஒதுக்கியதை, சாதாரணத் தட்டைவிட அதிக விலைக்கு விற்றார்கள்.