அக்ரிங்டனின் சம்பளக் கணக்கு

1883-இல் அக்ரிங்டன் கால்பந்து கிளப்பை இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் வெளியேற்றியது. ஓர் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்ததுதான் குற்றம். இன்று அந்த ஊரின் பெயரைத் தாங்கி விளையாடும் கிளப்புக்குத் தீராத கவலை ஒன்று உண்டு: ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கப் பணம் போதவில்லை. இடைப்பட்ட 140 ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பார்த்தால், சின்ன கிளப்புகளின் ஏழ்மை எங்கிருந்து வந்தது என்பது பிடிபடும்.

அக்ரிங்டன் வடமேற்கு இங்கிலாந்தில், லங்காஷயரில் உள்ள சிறிய ஊர். பருத்தி ஆலைகளும் செங்கல் சூளைகளும் அன்று அதன் பிழைப்பு. நம் முன்னோர் உடுத்தியதும் பிறகு சுதேசி இயக்கத்தில் தெருவில் குவித்துக் கொளுத்தியதும் இந்த லங்காஷயர் ஆலைகளின் துணிதான். அந்த ஆலைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை மதியம் ஓய்வு கிடைத்தது. கால்பந்தும் அந்த அரைநாளில்தான் வளர்ந்தது. ஆனால் வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் காலை வேலையை விட வேண்டும், கூலி போய்விடும். அந்தக் கூலியைக் கிளப் ஈடுகட்டினால் அது ‘பணத்துக்கு ஆடுவது’ என்றார்கள் லண்டனில் சங்கத்தை நடத்திய கனவான்கள். அவர்களில் யாருக்கும் சனிக்கிழமைக் கூலி என்ற ஒன்று வாழ்க்கையில் இருந்ததில்லை. லங்காஷயர் கிளப்புகள் பணிய மறுத்தன. ஸ்காட்லாந்திலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை வரவழைத்து, ஆலையில் ஒரு வேலையும் கையில் கொஞ்சம் காசும் கொடுத்தன. 1885-இல் சங்கம் இறங்கிவந்து சம்பளத்தைச் சட்டபூர்வமாக்கியது. 1888-இல் தொடங்கிய ஃபுட்பால் லீகின் 12 கிளப்புகளில் ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை. அக்ரிங்டன் அவற்றில் ஒன்று.

ஊதியம் வந்த வேகத்திலேயே அதற்கு வேலியும் வந்தது. ஓர் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பிடம் இருந்தால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் விடாமல் அவர் வேறெங்கும் போக முடியாது. சீசன் முடிவில் கிளப் வெளியிடும் தக்கவைப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் கதவு அடைபட்டதாகப் பொருள். சம்பளம் தராமலேயே அவரை நிறுத்திவைக்கவும் வழி இருந்தது. 1901-இல் வாரச் சம்பளத்துக்கு 4 பவுண்டு என்று உச்சவரம்பும் விதித்தார்கள். பெரிய நகரத்துக் கிளப்புகள் எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சமத்துவத்தின் விலையைக் கொடுத்தவர் ஆட்டக்காரர். அரைலட்சம் பேர் காசு கொடுத்துப் பார்க்க வந்த அந்த ஆட்டக்காரர், அவர்களில் பலரைப் போலவே பஸ் ஏறி மைதானத்துக்கு வந்தார்.

அதே லீகில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அதைப் பற்றி இன்று அதிகம் பேசுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், லீக் ஆட்டத்தின் டிக்கெட் வசூலில் ஐந்தில் ஒரு பங்கு வந்து ஆடிய கிளப்புக்குப் போனது. வசூலில் 4 சதவீதம் பொதுநிதிக்குச் சென்று எல்லாக் கிளப்புகளுக்கும் பிரிந்தது. 1964-இல் பிபிசி ஆட்டங்களின் தொகுப்பை ஒளிபரப்பத் தொடங்கியபோது கிடைத்த சொற்பத் தொகையைக்கூட 92 கிளப்புகளும் சமமாகவே பங்கிட்டுக்கொண்டன. தலைக்கு ஐம்பது பவுண்டு போல வந்தது. தொகை சின்னது, கொள்கை பெரியது. எதிரில் நின்று ஆட இன்னொரு கிளப் இல்லாவிட்டால் விற்பதற்கு ஆட்டமே இல்லை என்ற எளிய உண்மையை அந்தப் பங்கீடு ஒப்புக்கொண்டது.

ஆக, பழைய லீக் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று ஆட்டக்காரரைக் கட்டிப்போட்ட அநியாயம், மற்றது கிளப்புகள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட நியாயம். அடுத்த நூறாண்டுக் கதை இந்த இரண்டும் எப்படிப் போயின என்பதுதான்.

1888-இன் அக்ரிங்டன் கிளப் நெடுநாள் நீடிக்கவில்லை. 1893-இல் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டிய நிலை வந்தபோது லீகையே விட்டு விலகி, 1896-இல் கலைந்தது. ஊரில் ஸ்டான்லி தெருவை ஒட்டி உருவான வேறொரு குழு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அதுதான் அக்ரிங்டன் ஸ்டான்லி. 1921-இல் மூன்றாம் டிவிஷனின் வடக்குப் பிரிவில் லீகுக்குள் வந்தது. 1950-களில் மேலாளர் வால்டர் கால்பிரெய்த் பழைய லங்காஷயர் வித்தையையே மறுபடி கையிலெடுத்தார். இங்கிலாந்துச் சந்தையில் போட்டியிடக் காசில்லை, எனவே ஸ்காட்லாந்துக்குப் போனார். 1955-இல் பதினொரு பேரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்களாக ஒரு லீக் அணியே களமிறங்கியது. இன்று ‘ஸ்கவுட்டிங்’ என்று பெரிதாகப் பேசப்படும் காரியத்தை ஒரு ஏழைக் கிளப் கண்ணும் காலும் மட்டுமே முதலாக வைத்துச் செய்தது. அந்த அணி மேலேறும் வாய்ப்பை வெகு நெருக்கத்தில் தவறவிட்டது. அப்போது ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் அந்த ஆண்டுகளைப் படிக்க என்னால் முடியவில்லை.

பிறகு சரிவு. 1958-இல் ஆல்டர்ஷாட் ராணுவக் காட்சித் திடலில் இருந்த ஒரு பார்வையாளர் மாடத்தை 1,450 பவுண்டுக்கு வாங்கினார்கள். மலிவு என்று நினைத்து வாங்கியதைப் பிரித்து, வடக்கே ஏற்றிவந்து, நிறுத்திவைக்க அதைப்போல் பல மடங்கு செலவானது. பக்கத்து ஊரான பர்ன்லி 1960-இல் இங்கிலாந்தின் சாம்பியன். இன்னொரு பக்கம் பிளாக்பர்ன். சில மைல் பஸ் பயணத்தில் முதல் டிவிஷன் ஆட்டம் கிடைக்கும்போது நான்காம் டிவிஷனுக்கு டிக்கெட் எடுப்பவர் குறைந்தார். 1962 மார்ச் 2-ஆம் தேதி குரூவில் நான்கு கோல் வாங்கித் தோற்றதுதான் கடைசி ஆட்டம். கடன் அறுபதாயிரம் பவுண்டை ஒட்டி நின்றது. ஆட்டக்காரர்களை வாங்கிய வகையில் மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய பாக்கியும் அதில் இருந்தது. விலகல் கடிதம் போனது. மனம் மாறித் திரும்பக் கேட்டபோது லீகின் செயலாளர் ஆலன் ஹார்டேகர் மறுத்துவிட்டார். அந்த சீசனில் ஆடிய 33 ஆட்டங்களும் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டன.

இதற்கு ஓராண்டு முன்புதான், 1961 ஜனவரியில், ஜிம்மி ஹில் தலைமையிலான ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்த அறிவிப்போடு நின்று சம்பள உச்சவரம்பை உடைத்திருந்தது. அப்போது வரம்பு வாரம் 20 பவுண்டு. சில மாதங்களில் ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸ் 100 பவுண்டு வாங்கினார். 1963-இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் அந்தத் தக்கவைப்பு முறை தொழில் சுதந்திரத்தை நியாயமின்றித் தடுக்கிறது என்று தீர்ப்பளித்தார். ஆட்டக்காரர் கேட்ட சம்பளம்தான் சின்ன கிளப்புகளைக் கொன்றது என்று சொல்ல விரும்புவோர், 1961-ஐயும் 1962-ஐயும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். அது தவறான கணக்கு. அக்ரிங்டனின் கடன் உச்சவரம்பு இருந்த காலத்திலேயே ஏறியது. நான்காம் டிவிஷன் ஆட்டக்காரர் எவரும் அந்த ஓராண்டில் 100 பவுண்டு கேட்டு வாசலில் நிற்கவில்லை.

முதல் கால் அப்படி நியாயமாகவே போனது. இரண்டாவது காலை வெட்டியவர்கள் வேறு. 1983-இல், வந்து ஆடும் கிளப்புக்குத் தரும் பங்கைப் பெரிய கிளப்புகள் நிறுத்தவைத்தன. அன்று முதல் சொந்த மைதானத்து வசூல் முழுவதும் சொந்தம். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தொலைக்காட்சிப் பணமும் சமப்பங்கு என்ற முறையிலிருந்து மாறி, பாதி முதல் டிவிஷனுக்குப் போனது. 1992-இல் முதல் டிவிஷன் மொத்தமாகப் பிரிந்து பிரீமியர் லீக் ஆனது. ஐந்தாண்டுக்கு 304 மில்லியன் பவுண்டு என்ற ஒப்பந்தத்தோடு அது தொடங்கியது. 2025-இல் தொடங்கிய உள்நாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் நான்காண்டுக்கு 6.7 பில்லியன். அதற்குக் கீழே இருக்கும் 72 கிளப்புகளுக்கும் சேர்த்து ஈஎஃப்எல், அதாவது இன்றைய ஃபுட்பால் லீக், பெற்ற ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு 935 மில்லியன். இதை எந்த நீதிமன்றமும் கட்டளையிடவில்லை. கூட்ட அறைகளில், வாக்கு எடுத்து, விலகிவிடுவோம் என்று மிரட்டி எடுத்த முடிவுகள் இவை.

சின்ன கிளப்புக்கு மிச்சமிருந்த வழி, இளைஞர்களை வளர்த்து விற்பது. அதுவும் குறுகியது. 1995-இன் போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்தவர் விலையின்றிப் போகலாம் என்றது. ஆட்டக்காரருக்கு அது வேண்டிய உரிமைதான். ஆனால் 2012-இல் நடைமுறைக்கு வந்த புதிய அகாடமித் திட்டத்தை அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சிறுவனை ஒன்பது வயதிலிருந்து பயிற்றுவித்த கிளப்பிடமிருந்து பெரிய கிளப் அவனை அழைத்துப் போகும்போது, பேரம் பேசி வாங்க வேண்டியதில்லை, முன்கூட்டியே எழுதிய விலைப்பட்டியல்படி கொடுத்தால் போதும் என்றது அது. பிரென்ட்ஃபோர்டு 2016-இல் தன் அகாடமியையே மூடியது. வளர்ப்பவனுக்கு விளைச்சல் இல்லை என்றால் யார் விதைப்பார்கள்?

1968-இல் அக்ரிங்டன்காரர்கள் கிளப்பைப் புதிதாகத் தொடங்கினார்கள். படிப்படியாக ஏறி, 2006-இல் லீகுக்குத் திரும்பினார்கள். 1962-இல் அவர்கள் இடத்துக்கு வந்த ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் அதே 2006-இல்தான் லீகிலிருந்து வெளியேறியது. மூன்றாண்டுகளில் மறுபடி ஆபத்து: மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் வரிப்பாக்கி, நீதிமன்றம், ஊர்க்காரர்கள் உண்டியல் குலுக்கிய வசூல். 2015-இல் உள்ளூரில் பிளாஸ்டிக் பெட்டிகள் தயாரிக்கும் தொழிலதிபர் ஆண்டி ஹோல்ட் கிளப்பை எடுத்தார். 2018-இல் மேலாளர் ஜான் கோல்மனின் அணி நான்காம் நிலை லீகில் முதலிடம் பிடித்தது.

கோல்மன் அந்த அணியைச் சேர்த்த விதம், ஏழைக் கிளப்பின் சந்தை எது என்பதைக் காட்டும். பெரிய அகாடமிகள் இருபது வயதில் கைவிட்டவர்கள், வேறு கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்து ஓய்ந்தவர்கள், லீகுக்கு வெளியே வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி எடுத்தவர்கள், லோனில் ஆறு மாதம் வருபவர்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு. ஒருவர் பதினைந்து கோல் போட்டால் அடுத்த சீசனில் அவர் அங்கே இருக்க மாட்டார். பார்ன்ஸ்லியில் இடம் கிடைக்காத கெய்டன் ஜாக்சன் 2017-இல் வந்தார், கோல் அடித்தார், கிளப் சாம்பியன் ஆனது. 2018 ஆகஸ்டில் இப்ஸ்விச் வாங்கிக்கொண்டது. அந்தப் பணத்தில்தான் சம்பளம் போகும், மைதானத்தின் புல்லுக்குத் தண்ணீர் போகும். அடுத்த ஸ்ட்ரைக்கரை முதலிலிருந்து தேட வேண்டும். இப்படியே ஐந்து சீசன் மூன்றாம் நிலையில் தாக்குப்பிடித்தார்கள். 2023-இல் இறங்கினார்கள்.

இதைப் பார்த்து, சிக்கனமாக நடத்தினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் சிக்கனமாக இருந்தால்தானே அது பலிக்கும். கீழ் டிவிஷன்களில் சம்பளச் செலவை வருமானத்தின் ஒரு விகிதத்துக்குள் கட்டும் விதி உண்டு. ஆனால் உரிமையாளர் பங்கு மூலதனமாகக் கொட்டும் பணத்தையும் வருமானமாகக் கணக்கில் காட்ட அந்த விதி இடம் தந்தது. 2018-இல் உரிமையாளர் பணத்தில் ஓடிய சால்ஃபோர்டு கிளப், ஸ்காட்லாந்தின் உச்ச டிவிஷனில் ஆடிவந்த ஒரு ஸ்ட்ரைக்கரை ஐந்தாம் நிலைக்கு அழைத்துவந்தது. ஹோல்ட் அப்போதே வெளிப்படையாகக் கொதித்தார். உரிமையாளர் பணத்தின் துணையோடு ரெக்ஸம் கிளப்பும் 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை மேலேறியது. அந்த ஆட்டக்காரர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் டிக்கெட் எடுக்கும் கிளப் அந்த ஏலத்தில் கை தூக்கவே முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

2020 ஆகஸ்டில், கொரோனாவில் மைதானங்கள் காலியாகக் கிடந்தபோது, கீழிரண்டு டிவிஷன் கிளப்புகளும் ஒரு முடிவெடுத்தன. மூன்றாம் நிலையில் அணியின் மொத்தச் சம்பளம் ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு, நான்காம் நிலையில் 15 லட்சம், அதற்கு மேல் கூடாது. ஆட்டக்காரர் சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போய் வென்றது. 2021 பிப்ரவரியில் வரம்பு ரத்தானது. அந்தக் கிளப்புகளின் பயம் எனக்குப் புரிகிறது, அதில் பொய் இல்லை. ஆனாலும் இது 1901-க்குத் திரும்பும் பாதை. மேலே இருப்பவர்களிடம் பங்கு கேட்க வலு இல்லாதவர்கள், தங்களிடம் வேலை செய்பவரின் சம்பளத்தில் கை வைத்தார்கள். மேலே நிலைமை இன்னும் விசித்திரம்: பிரீமியர் லீகிலிருந்து இறங்கும் கிளப்புக்கு ‘பாராசூட்’ தொகை என்று பல மில்லியன் தருகிறார்கள். அதனோடு போட்டியிடப்போய் இரண்டாம் நிலை டிவிஷன் பல ஆண்டுகள் மொத்த வருமானத்தைவிட அதிகமாகச் சம்பளம் கொடுத்தது. அந்த அழுத்தம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி அக்ரிங்டன் வரை வருகிறது.

அக்ரிங்டனிலிருந்து அதிக தூரமில்லாத பரி, 1885-இல் தொடங்கிய கிளப், எஃப்ஏ கோப்பையை இருமுறை வென்றது. 2019 வசந்தத்தில் மேல் டிவிஷனுக்குத் தகுதி பெற்றது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீகிலிருந்து வெளியேற்றப்பட்டது. அங்கே நிர்வாகத்தின் தவறு பெரிது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் தன் வருமானத்துக்கு மீறிய அணியைக் கட்டித்தான் மேலேற முடியும் என்று ஒரு லீகின் அமைப்பே சொல்லிக்கொண்டிருந்தால், யாராவது ஒருவர் அதை நம்பி ஊரின் சொத்தைப் பணயம் வைப்பார்.

2025-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் கால்பந்து நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அமைந்த சுதந்திர ஒழுங்காற்று அமைப்பு, பிரீமியர் லீகும் ஈஎஃப்எல்லும் பணப்பங்கீட்டில் உடன்படாவிட்டால் தலையிடலாம். 1983-இல் நின்றுபோன பேச்சை மீண்டும் தொடங்க நாற்பது ஆண்டுகளில் கிடைத்த முதல் உண்மையான வாய்ப்பு இது. எத்தனை சதவீதம் என்ற கேள்வியோடு, வந்து ஆடும் கிளப்புக்கும் அந்த ஆட்டத்தில் உரிமை உண்டா என்ற பழைய கேள்வியையும் அவர்கள் எடுக்க வேண்டும். எடுப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

கீழ் டிவிஷன் கிளப்புகள் ஒவ்வொரு மே மாதமும் ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. அதன் பெயர் இன்னமும் தக்கவைப்புப் பட்டியல்தான். ஒரு காலத்தில் அதில் பெயர் இருந்தால் ஆட்டக்காரர் போக முடியாது. இப்போது ஒப்பந்தம் முடிந்தவர்களின் பெயருக்கு எதிரே, ‘புதிய ஒப்பந்தம் தர முன்வந்துள்ளோம்’ என்று எழுதியிருக்கும். ஜூன் 30-க்குள் அவர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பதில் சொல்வார் என்று கிளப் காத்திருக்கும்.