கற்கலைப் பொருள்களின் வரிக்குறைப்பும் சிற்பியின் சுவாசமும்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் 56ஆவது கூட்டத்தில் தீர்மானிக்கப்பெற்று, அதே மாதம் 22ஆம் தேதி முதல் அமலுக்கு வந்துவிட்ட வரிக்குறைப்பைக் குறித்து இந்த இதழின் அபிப்பிராயம் யாது என்று பட்டறை உடைமையாளர்களும் கடை நடத்துவோரும் வீட்டு உள்ளலங்கார நிபுணர்களும் தொடர்ந்து எழுதிக் கேட்டு வருகின்றனர். வரிப்பட்டியலின் 6802ஆம் தலைப்பில் அடங்கும் சிலைகள், பீடங்கள், புடைப்புச் சிற்பங்கள், விலங்குருவங்கள், கிண்ணங்கள், ஜாடிகள், பேப்பர் வெயிட்டுகள் முதலிய அலங்காரக் கற்பொருள்களும், கைவினை என்ற பெயரில் தனியே குறிக்கப்பெற்ற கற்கலைப் பொருள்களும் கல்லில் கல் பதிக்கும் வேலைகளும், இவை அனைத்திற்கும் மூலமாகிய சலவைக்கல், கிரானைட் பிளாக்குகளும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்திற்கு இறங்கியிருக்கின்றன. இதை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். நீண்ட காலமாகக் கேட்டது கிடைத்திருக்கும்போது குறை தேடிக்கொண்டிருப்பது நன்றியுடைமை ஆகாது.

நடைமுறையில் எழுந்துள்ள ஐயங்களைச் சுருக்கமாகவே தொட்டுச் செல்கிறோம். பாலிஷ் செய்த பலகைக்கல் பழையபடி 18 சதவீதத்திலேயே நிற்பதால், ஒரே பிளாக்கிலிருந்து அறுத்த பலகையையும் அதன் வெட்டுமிச்சத்தில் குடைந்த கிண்ணத்தையும் ஒரே பில்லில் எழுதுவோர் இரண்டையும் தனித்தனி வரியில் காட்டியே தீர வேண்டும். கிரைண்டருக்கும் டைமண்ட் பிளேடுக்கும் 18 சதவீதம் கொடுத்து வாங்கி, செய்த பொருளை 5 சதவீதத்தில் விற்கிற பட்டறைகளில் பிளேடு வகையில் தேங்கிப்போகும் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற ஆர்.எஃப்.டி.-01 படிவத்தைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். சட்டம் அளித்துள்ள உரிமை அது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தை எட்டாமையால் பதிவே செய்துகொள்ளாத சிறு சிற்பிகளுக்கு இக்குறைப்பால் நேர்ப்பலன் ஏதுமில்லை; பிளாக் வாங்கும் விலையில் சிறிது இளகலாம், அவ்வளவே.

தெய்வ உருவங்களைப் பற்றிய பழைய சிக்கலும் இப்போது ஓரளவு தளர்ந்திருக்கிறது. கல், சலவைக்கல், மரம் ஆகியவற்றால் ஆன தெய்வத் திருவுருவங்களுக்கு 2018 ஜூலையில் முழு விலக்கு அளிக்கப்பட்ட நாள்தொட்டு, பிள்ளையாருக்கு வரியில்லை, பிள்ளையாரின் பக்கத்தில் நிற்கும் யானைக்கு வரியுண்டு என்ற நிலையில், நந்தியும் துவாரபாலகரும் தோட்டத்து மேடைக்கென்று கேட்டு வாங்கப்படும் தியான புத்தரும் எந்தப் பக்கம் சேர்வர் என்று கணக்கரும் அதிகாரியும் மணிக்கணக்காக விவாதித்ததுண்டு. வழிபாட்டுக்கென வடித்த மூர்த்தமும் வரவேற்பறைக்கென வடித்த உருவமும் ஒரே சிற்பியின் ஒரே உளியில் பிறக்கின்றன என்பதையும், வாங்குபவர் வீட்டிற்குக் கொண்டுபோய் எங்கே வைக்கிறார் என்பது விற்பவருக்குத் தெரியாது என்பதையும் எவரும் கவனிக்கவில்லை. இடைவெளி பன்னிரண்டிலிருந்து ஐந்தாகச் சுருங்கிவிட்டபடியால் விவாதத்தின் உஷ்ணமும் அந்த அளவுக்குத் தணியும்.

நம் கவனத்தை உண்மையில் ஈர்க்கும் விஷயம் வேறு. கைவினைப் பொருள் இன்னது என்று வரையறுக்கும் 2018ஆம் ஆண்டு அறிவிக்கையை எடுத்துப் படித்தால், கருவியும் இயந்திரமும் ஓரளவு துணைபுரிந்திருந்தாலும் பிரதானமாகக் கையால் செய்யப்பட்டிருக்க வேண்டும், கண்ணுக்கு இனிய அலங்கார வேலை கணிசமாக அமைந்திருக்க வேண்டும், அதே பயனுக்காக இயந்திரத்தில் செய்த பொருளினின்றும் தெளிவாக வேறுபட்டிருக்க வேண்டும் என்று எத்தனை நுட்பமாகச் சிற்பியின் கையை அது ஆராய்கிறது என்பது விளங்கும். அவ்வளவு நுட்பமாகக் கையை ஆராய்ந்த சர்க்கார், அந்தக் கைக்குரியவன் வேலைநேரம் முழுவதும் எதைச் சுவாசிக்கிறான் என்று எந்த அறிவிக்கையிலேனும் கேட்டிருக்கிறதா? இந்த இதழ் தொடங்கிய காலந்தொட்டு நாம் எழுப்பிவரும் கேள்வி இதுதான். வரிக்குறைப்பு அதை மறுபடி எழுப்ப நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. ஏனெனில் வரி குறைந்தால் விற்பனை பெருகும், பெருகப்போகும் விற்பனையும் எந்தவகைப் பொருளில் பெருகும் என்பது நம் தொழிலில் உள்ள யாவருக்கும் தெரிந்ததே.

இன்றைய அடுக்ககக் குடியிருப்புகளிலும் தனி வீடுகளிலும் விரும்பிக் கேட்கப்படுவன ஆறடி மூர்த்தங்கள் அல்ல. பூ மிதக்கவிடும் உருளி, கைகழுவும் தொட்டி, சுவரோரத்து நீரூற்று, தோட்டத்து விளக்குக்கூடு, செடி வைக்கும் கல்தொட்டி, புத்தக அணைவு ஆகியவையே கேட்கப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை குடைந்தெடுக்கும் வேலை. குடையும் வேலையை இன்று உளிகொண்டு தொடங்குவார் இல்லை. ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் பிளேடைப் பூட்டிக் கல்லின் வயிற்றில் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமான வெட்டுகள் இட்டு, இடையில் நிற்கும் சில்லுகளை உளியால் தட்டி எறிந்து, மறுபடி வெட்டி, மறுபடி தட்டி, வேண்டிய ஆழம் வந்தபின் கிண்ணச் சக்கரத்தால் தேய்த்து உள்வளைவைச் சமன்செய்கிறார்கள். உளிவேலையில் பறப்பது பெரும்பாலும் சில்லு. அது கண்ணுக்குத் தெரியும், சீக்கிரம் கீழே விழும். நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்று சுழலும் பிளேடு எழுப்புவதோ மாவினும் நுண்ணிய தூசி. கல்லின் குழிவு அதை வெளியே விடாமல் திருப்பி, குனிந்திருப்பவன் முகத்தின் மீதே வீசுகிறது. ஆறடிச் சிலையின் தோளைத் தேய்ப்பவனைவிட, இரண்டடி உருளியின் உள்ளே தேய்ப்பவன் அதிகம் சுவாசிக்கிறான். வீட்டு அலங்காரப் பொருளின் வளர்ச்சி என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதன் மறுபக்கம் இது.

தூசி என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதை நம் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. வியாபாரத்தில் கறுப்புக் கிரானைட் என்று வழங்கும் டாலரைட் இனத்துக் கல்லில் குவார்ட்ஸ் குறைவு, சலவைக்கல்லிலும் குறைவு, ஆனால் சாம்பல், சிவப்புக் கிரானைட்டுகளில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அது இருப்பது வழக்கம், மணற்கல்லில் அதனினும் அதிகம். மாக்கல்லின் தூளும் நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரலைத் தழும்பாக்கும், ஆகவே அதுவும் அபாயமற்றது அல்ல. குவார்ட்ஸாகிய படிக சிலிகாவின் நுண்துகள் காற்றறைகளில் சென்று தங்கினால் திசு இறுகித் தழும்பாகும்; சிலிக்கோசிஸ் என்பது இதுவே. அவ்விதம் இறுகிய பகுதி மருந்தால் மீளாது. காசநோய் எளிதாகப் பற்றும். ஊடுகதிர்ப் படத்தில் தெரியும் நிழலைக் கண்டு காசநோய் என்றே கருதி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இத்துகளை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது 1997ஆம் ஆண்டில். அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு விதி, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சுவாசிக்கத்தக்க சிலிகா இருக்கலாகாது என்கிறது. நம் பட்டறைகளில் அது எத்தனை என்று அளந்து பார்க்கும் வழக்கமே இல்லை.

அளந்து பார்த்த இடங்களில் என்ன தெரிய வந்தது என்பதற்குக் காம்பே என்று முன்னர் வழங்கிய கம்பாத் நகரமே சாட்சி. அகேட் கல்லைச் சாணையில் தேய்த்து, மணியாகவும் கிண்ணமாகவும் மேசை அலங்காரமாகவும் செய்து உலகமெங்கும் அனுப்பிய அந்த ஊரில், ஏறக்குறைய முழுவதும் சிலிகாவேயாகிய அக்கல்லின் தூசியைச் சுவாசித்தவர்கள் சிலிக்கோசிஸ் கண்டு மாய்ந்த வரலாறு ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டிருக்கிறது. இராஜஸ்தானத்துச் சிரோஹி மாவட்டத்தின் பிண்ட்வாராவில், தேசமெங்கும் எழும் ஆலயங்களுக்குத் தூணும் விதானமும் செதுக்கி அனுப்பும் சிற்பிகளிடையே இந்நோய் பரவியிருப்பதும் யாவரும் அறிந்தது. அம்மாநில அரசு 2019ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதிசெய்யப்பெற்றவருக்கு 3 லட்ச ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்ச ரூபாயும், மாத ஓய்வூதியமும் அளிக்க முன்வந்தது. அந்தத் தொகையின் போதாமையைப் பற்றி வாதிக்கலாம். ஆயினும் சிற்பி ஒருவன் தன் தொழிலால் நோயுற்றான் என்று அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டதன் மதிப்பைக் குறைத்துப் பேச முடியாது. அதற்கு நிகரான எழுத்து மாமல்லபுரத்துச் சிற்பிக்கும், திருமுருகன்பூண்டிச் சிற்பிக்கும், மயிலாடிச் சிற்பிக்கும் வேண்டும் என்று கேட்பது பேராசையாகுமா?

இங்கே நம் வியாபார அன்பர்கள் சிலரிடம் அண்மையில் தலைகாட்டும் ஒரு பெருமையைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் பலகைகளைத் தடைசெய்ததும், இயற்கைக் கல்லே ஆபத்தற்றது என்று விளம்பரம் செய்யத் தொடங்கினர். 90 சதவீதத்திற்கு மேலும் சிலிகா கொண்டிருக்கக்கூடிய அப்பலகைகளோடு ஒப்பிட்டால் நம் கல் மேலானது என்பது வாஸ்தவம். வாங்கிச் செல்பவர் வீட்டில் அது யாருக்கும் தீங்கு செய்யாது என்பதும் வாஸ்தவம். ஆனால் வீட்டில் இருக்கும் உருளி யாருக்கும் தீங்கு செய்யாமையால் அதைக் குடைந்தவனுக்கும் தீங்கு செய்யவில்லை என்று பொருளாகிவிடாது. தன் நாட்டுத் தொழிலாளியின் நுரையீரலை முன்னிட்டு ஒரு வியாபாரத்தையே நிறுத்தத் துணிந்த தேசத்தின் செயலை, நம் சரக்குக்குக் கிடைத்த நற்சான்றாக மட்டும் படிப்பது நியாயமன்று.

சட்டம் நமக்குத் துணை நிற்குமா என்று பார்த்தால், 2025 நவம்பர் 21 முதல் அமலாகியிருக்கும் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் மின்விசையால் இயங்கும் இடத்தில் இருபது பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்கிறது. பழைய சட்டத்திலோ பத்துப் பேர் போதும். நம் சிற்பப் பட்டறைகளில் இருபது பேர் சேர்ந்து வேலை செய்யும் இடங்கள் எத்தனை? ஐந்தாறு பேர், பெரும்பாலும் உறவினர், தென்னங்கீற்றோ தகரமோ வேய்ந்த கொட்டகை, அதை ஒட்டியே வீடு. பாலிஷ் வேலைக்கு வீட்டுப் பெண்கள். சிலிக்கோசிஸ் அறிவிக்கத்தக்க நோய் என்று அட்டவணையில் அச்சிட்டிருக்கிறது. அறிவிக்க வேண்டிய கண்கள் இந்தக் கொட்டகைக்குள் வருவதே இல்லை. மாமல்லபுரத்தை உலகக் கைவினை நகரம் என்று 2015இல் கொண்டாடினார்கள். 2017இல் அவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விழாக்களில் பொன்னாடை போர்த்திப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். அதே சிற்பிகளுக்கு ஒருமுறை மார்பு ஊடுகதிர்ப் படம் எடுத்து, தொழில்நோய் வாசிக்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள் என்று நாம் வேண்டியபோது, ஒரு துறை இது சுகாதாரம் என்றது, மற்றொரு துறை இது தொழிலாளர் நலம் என்றது, மூன்றாவது துறை இது கைவினை மேம்பாடு அன்று என்று கோப்பைத் திருப்பியது. கலையை உரிமை கொண்டாட எல்லாத் துறையும் உண்டு. கலைஞனின் இருமலுக்கு உரிய துறை எது என்று மட்டும் இன்றளவும் தீர்மானமாகவில்லை.

தடுக்கும் வழி இல்லாமலும் இல்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும் என்பது பழைய செய்தி. ஆனால் உருவம் செதுக்கும்போது தண்ணீர் கல்மேல் வரைந்த காவிக்கோட்டை அழிக்கிறது, சேறு படிந்து வெட்டின் விளிம்பு மறைகிறது, கையிலோ மின்சாரக் கருவி. ஆகையால் சிற்பி அதை மறுப்பது பிடிவாதம் அன்று, வேலையின் நியதி. குடைவதையும் வெளிவடிவம் அறுப்பதையும் ஈரத்தில் முடித்துக்கொண்டு, கோடு பார்த்துச் செய்யும் நகாசு வேலைக்கு மட்டும் பிளேடின் உறையிலேயே குழாய் பொருத்தித் தூசியை எழும் இடத்தில் உறிஞ்சிவிடும் கருவியைக் கொண்டால், கடினமான பகுதி தீரும். முகத்தில் கட்டும் துண்டு இத்துகளைத் தடுக்காது. கடற்கரை வெக்கையில் நெருக்கமான முகக்கவசத்தை நாள் முழுதும் எவரும் அணிந்திருக்கவும் மாட்டார். உறிஞ்சும் கருவியே வழி. அந்தத் தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கு வரி இன்றும் 18 சதவீதம்! கல் ஜாடிக்கு ஐந்து, ஜாடியைச் செய்பவனைக் காக்கும் இயந்திரத்துக்குப் பதினெட்டு என்ற இந்த வரிசையை வகுத்தவர்கள் தீய நோக்கத்தால் வகுத்தார்கள் என்று நாம் கூறவில்லை. பட்டறையைப் பாராமல் பட்டியலை மட்டும் பார்த்து வகுத்தார்கள் என்று கூறுகிறோம், அதை வருத்தத்துடனேயே கூறுகிறோம்.

வரி இறங்கியதன் பயன் வாங்குபவரைச் சேர வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும் உள்ளலங்கார நிபுணர்களும் கடைக்காரர்களும், மலிந்த விலைக்கு இன்னும் மலிவு கேட்டுப் பட்டறையை நெருக்காமல், உருளிக்கும் தொட்டிக்கும் ஆர்டர் எழுதும்போதே ஈரத்தில் குடைந்த வேலை வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதி, அதற்காகக் கூடும் கூலியையும் ஏற்றுக்கொள்வார்களாயின், சட்டம் வந்து சேருமுன்பே பாதி வேலை நடந்துவிடும். 1957 முதல் மாமல்லபுரத்தில் சிற்பம் கற்பித்துவரும் அரசு கல்லூரியின் பாடத்திட்டத்தில் தூசித் தடுப்பு ஒரு தனித் தாளாகவும், பட்டறைப் பயிற்சியாகவும் இடம்பெற வேண்டும் என்பதும் நம் வேண்டுகோள்.

தூசி உறிஞ்சும் கருவிகளுக்கும் ஈர அறுப்புச் சாதனங்களுக்கும் 5 சதவீத விகிதம், இருபது பேர் என்ற வரம்பினின்றும் கல்செதுக்கும் பட்டறைகளுக்கு விலக்கு, சிற்பிகள் வாழும் ஊர்களில் ஆண்டுதோறும் மார்புப் பரிசோதனை, நோய்க்குச் சான்றளிக்கும் மாவட்ட மருத்துவக் குழு, சான்று பெற்றவருக்கு உதவித்தொகை ஆகியவற்றைக் கோரி வரி மன்றத்துக்கும் மாநில அரசுக்கும் இரு மனுக்கள் தயாரித்திருக்கிறோம். அவற்றின் முழு வாசகம் இவ்விதழின் இறுதிப் பக்கங்களில் அச்சிடப்பட்டிருக்கிறது. பட்டறை வைத்திருப்போர் மட்டுமன்றி, அங்கே கிரைண்டர் பிடிப்போரும் பாலிஷ் செய்யும் பெண்களும் தங்கள் பெயரையும் எத்தனை ஆண்டுகளாக இவ்வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டு, மாத இறுதிக்குள் நம் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.